ஆனிக் காற்றில் ஒரு கேரவன்

2025 ஜூன் 18, புதன் – முப்பந்தல், தோவாளை, சின்னமுட்டம்

காவல்கிணறு விலக்கைத் தாண்டியதும் இவர் பேச்சை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்று லேசுப்பட்டதல்ல. முப்பந்தலைச் சுற்றி 1,500 மெகாவாட் அளவுக்குக் காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள் என்றால் சும்மாவா? எங்கள் வண்டியோ கொழுந்தன் ஊரடங்கு நாட்களில் பொழுது போகாமல் செய்தது. டெம்போ டிராவலரின் மேல் கூடுதலாக ஒரு கூரை, உள்ளே படுக்கைகள், காஸ் அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், எண்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டி, மூலையில் கையால் கழற்றி எடுக்கும் கழிப்பறைப் பெட்டி. உயரம் ஒன்பதரை அடி. காற்று பக்கவாட்டில் மோதும்போதெல்லாம் தட்டு, டம்ளர், தாழ்ப்பாள் எல்லாம் சேர்ந்து புலம்பின.

ஜூனில் யாராவது கன்னியாகுமரிக் கடற்கரையில் தங்கப் போவார்களா என்று எல்லோரும் கேட்டார்கள். இவருக்கு விடுப்பு கிடைத்தது ஜூனில்தான். அதற்கு மேல் பதில் இல்லை. அத்தை மட்டும் ஒன்றும் கேட்காமல் பையைத் தூக்கிக்கொண்டு முன் இருக்கையில் ஏறிவிட்டார்.

முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் லாரிக்காரர்களைப் போல நாங்களும் நிறுத்திக் காணிக்கை போட்டோம். தோவாளைப் பூச்சந்தையில் காலை அவசரம் ஓய்ந்திருந்தது. இந்த ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற மாணிக்கமாலையை ஒருவர் கட்டிக்கொண்டிருந்தார். அரளி மொட்டுகளை மடித்து மடித்து அடுக்கும் வேகத்தில் விரல்கள் தெரியவில்லை. சிவப்பும் வெள்ளையும் மட்டும் பாய் முடைந்தது போல நீண்டுகொண்டே வந்தன. அத்தை அதை விலை கேட்டுவிட்டு, நூறு ரூபாய்க்குப் பிச்சிப்பூ வாங்கி வண்டிக் கண்ணாடியில் பாதி, தலையில் பாதி என்று பங்கிட்டார்.

சின்னமுட்டம் துறைமுகத்துக்கு இரவு எட்டு மணிக்குப் போனதுதான் இன்றைய நாளின் பலன். கிழக்குக் கடற்கரையின் 61 நாள் மீன்பிடித் தடை 14-ஆம் தேதியோடு முடிந்திருக்கிறது. இங்கே விசைப்படகுகள் விடியலில் போய் அன்றிரவே திரும்பிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அதனால் ஏலமும் இரவில்தான். விளக்கு வெளிச்சத்தில் ஈரத் தரையெங்கும் மீன் குவியல்கள். ஏலம் விடுகிறவரின் வாயிலிருந்து எண்கள் வருவது காதில் விழுவதற்குள் குவியல் கைமாறிவிடுகிறது. இவர் ஒருமுறை மூக்கைச் சொறிந்தார். ஏலக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். கடைசியில் வெளியே கூடை வைத்திருந்த அம்மாவிடம் இருநூறு ரூபாய்க்கு நவரை வாங்கினோம். அவரே செதில் உரசி, "குழம்புக்கு ஆகாது, வறுத்துவிடு மக்களே" என்று உத்தரவும் போட்டுக் கொடுத்தார்.

துறைமுகத்துக்குள் இரவில் வண்டி நிறுத்த முடியாது என்று காவலாளி சொன்னார். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், தேவாலய மைதானத்தில் நிறுத்தலாம், ஆனால் கமிட்டியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்றார். கேட்டோம். கமிட்டிக்காரர் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "என்ன படம்?" என்றார். தமிழ்நாட்டில் கேரவன் என்றால் அதற்குள் நடிகர் இருந்தாக வேண்டும். அந்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு அத்தை பிச்சிப்பூவோடு இறங்கினார். மனிதர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

ஜூன் 19, வியாழன் – கன்னியாகுமரி, மணக்குடி, சொத்தவிளை

சூரியோதயம் மேகத்துக்குள்ளேயே முடிந்துவிட்டது. கடல் கொந்தளிப்பால் விவேகானந்தர் பாறைக்குப் படகு இல்லை. 2024 டிசம்பர் 30-ஆம் தேதி திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தைக் கரையில் நின்று கையை நெற்றியில் வைத்துப் பார்த்தோம். வள்ளுவரின் 133 அடியும் உப்புப் புகைக்குள் மங்கித் தெரிந்தது. டீ பதினைந்து ரூபாய், தண்ணீராக இருந்தது. வேறு எதுவும் எழுதுவதற்கில்லை.

மேற்குக் கடற்கரைச் சாலையில் திரும்பிய பிறகுதான் ஊர் ஊராக இருந்தது. மணக்குடியில் பழையாறு கடலில் சேர்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இங்கிருந்த பாலம் பெயர்ந்து, அதன் துண்டுகளைக் கடல் ஆற்றுக்குள் தள்ளிக்கொண்டு போனது. இப்போதிருக்கும் பாலத்துக்கு லூர்தம்மாள் சைமன் பெயர். 1957-இல் குளச்சல் தொகுதியில் வென்று காமராஜர் அமைச்சரவையில் உள்ளாட்சியும் மீன்வளமும் பார்த்தவர். அத்தைக்கு அவரைப் பற்றித் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. பாலத்தின் மேல் நின்றால் ஒரு பக்கம் அலை மண்மேட்டை அறுக்கிறது, மறுபக்கம் அலையாத்திச் செடிகளும் உப்பளமும் அசையாமல் கிடக்கின்றன.

சொத்தவிளைக் கடற்கரை நீளமானது, அகலமானது, வார நாள் என்பதால் ஆளில்லாததும்கூட. இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இணையத்தில் வெளிநாட்டுக்காரர்கள் மடக்கு நாற்காலி போட்டுக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் படங்களை மாதக்கணக்காகப் பார்த்து வைத்திருந்தவர் அவர். நாற்காலியை விரித்தார். காற்று அதை எடுத்துக்கொண்டு தென்னந்தோப்புக்குள் போனது. இவரும் பின்னால் போனார்.

கரையில் டீக்கடை வைத்திருக்கும் பெண்தான் எங்களைக் காப்பாற்றியது. "இங்கே நிறுத்தினால் விடிவதற்குள் வண்டிக்குள் அரைப்படி மண் இருக்கும் அக்கா, கடைக்குப் பின்னால் கொண்டு வாருங்கள்" என்றார். கடைக்குப் பின்னால் சுவர், கிணறு, ஒரு பூவரச மரம். காற்று பாதியாகக் குறைந்தது. ராத்திரிக்கு அவரே புட்டும் கடலையும் செய்து தந்தார். தேங்காய் எண்ணெயில் தாளித்த வாசனை வந்ததும் திருச்சிக்காரர்களான நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டாவது குழாய்ப் புட்டில் அந்தச் சந்தேகம் போய்விட்டது. மூன்று பேருக்கு நூற்றிருபது ரூபாய். நிறுத்தியதற்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் பணம் வாங்க மறுத்தார்.

தொட்டி நிறைந்தது. காலி செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. கேரவன் பயணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் சூரிய அஸ்தமனத்துக்குத் தாவிவிடுகிறார்கள். கழிப்பறைப் பெட்டியை எங்கே கொட்டுவது? கண்ட இடத்தில் கொட்டுகிற ஆட்கள் இல்லை நாங்கள். பெட்டிக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு இவர் கட்டணக் கழிப்பிடத்தைத் தேடி நடந்தார். அங்கிருந்தவர் பெட்டியை விமான நிலையப் பரிசோதனை போலப் பார்த்துவிட்டு இருபது ரூபாய் கேட்டாராம். ஐம்பது கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன் என்றார் இவர்.

ஜூன் 20, வெள்ளி – கணபதிபுரம், முட்டம்

இந்த மாவட்டத்தில் காலி இடம் என்று எதுவும் இல்லை. 2011 கணக்கெடுப்பில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த நெருக்கம். ஏறத்தாழ 72 கிலோமீட்டர் கரையில் நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள். வரைபடத்தில் வெறும் மணலாகத் தெரியும் இடத்துக்குப் போனால் அங்கே வலை காயும், வள்ளம் ஏற்றியிருக்கும், பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள், சிலுவை நட்ட சிறு கோயிலாக ஒரு குருசடி இருக்கும். யாரையும் கேட்காமல் நினைத்த இடத்தில் தங்கலாம் என்பதுதான் இந்த வண்டியின் பெருமை என்று கொழுந்தன் சொல்லி அனுப்பினார். இங்கே ஒவ்வொரு இடத்திலும் ஒருவரைக் கேட்டுத்தான் தங்குகிறோம். கேட்கும் வேலையை அத்தை எடுத்துக்கொண்டார். அவர் வண்டியிலிருந்து இறங்கி முதலில் தண்ணீர் கேட்பார். பிறகு பிள்ளைகள் எத்தனை என்று கேட்பார். இடம் மூன்றாவதாகத்தான்.

கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் இறங்கிக் கால் நனைக்க வேண்டும் என்றேன். எச்சரிக்கைப் பலகை நின்றது. கடந்த ஆண்டு மே மாதம் இங்கே மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துப் போனது. அன்று புயல் இல்லை, காற்றுகூடப் பெரிதாக இல்லை. தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ எழும் அலை, நாட்கணக்கில் பயணம் செய்து, ஓசைப்படாமல் இந்தக் கரையில் வந்து ஏறும், கள்ளக்கடல் என்கிறார்கள். நண்டு பிடித்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் எங்களைப் பார்த்து, முழங்காலுக்கு மேல் போகக் கூடாது என்று கையால் கோடு போட்டுக் காட்டினான். நாங்கள் கணுக்காலோடு நிறுத்திக்கொண்டோம்.

கடியப்பட்டணம் திசையில் ஒரு தெருவில் மாட்டிக்கொண்டோம். அகலம் போதும், உயரம் போதவில்லை. கேபிள் கம்பிகள், திருவிழாவுக்குக் கட்டிய சீரியல் விளக்கு, அதற்குக் கீழே யாரோ வேட்டி உலர்த்தும் கொடி. பின்னால் மீன் ஏற்றிய ஆட்டோ ஹாரன் அடித்தது. இவருக்கு வியர்த்துவிட்டது. ஒருவர் வீட்டுக்குள் போய்க் கவட்டை வைத்த நீளமான கம்பை எடுத்துவந்தார். சப்பரம் வரும்போது கம்பியைத் தூக்கிவிடும் கம்பு அது. எங்களுக்கு முன்னால் நடந்து ஒவ்வொரு கம்பியாகத் தூக்கித் தூக்கி வண்டியைக் கடத்திவிட்டார். ஜன்னல்களில் பெண்கள், திண்ணைகளில் கிழவர்கள், பின்னால் ஒரு பட்டாளம் பிள்ளைகள். "ஹீரோ யாரு?" என்று ஒருவன் கத்தினான். அத்தை ஜன்னல் வழியே கையை ஆட்டினார். தெரு முழுக்கச் சிரிப்பு. கம்புக்காரர் பணம் வாங்கவில்லை. எங்களிடமிருந்த அதிரசத்தில் இரண்டு எடுத்துக்கொண்டார்.

முட்டத்தில் பாறைகளும் செம்மண் மேடும் அதன் மேல் கலங்கரை விளக்கமும் நேரில் பார்த்தால் திரையில் பார்த்ததைவிடக் கடுமையாக இருக்கின்றன. பாறைக்குள் அலை புகுந்து வெடிக்கும்போது காலுக்கடியில் அதிர்கிறது. இங்கே படம் எடுக்காத பாறை கிடையாது தம்பி என்றார் சோளம் சுட்டு விற்பவர். அவரும் எங்களைச் சினிமாக்காரர்கள் என்றே நினைத்து ஒரு கதை வைத்திருந்தார். நாற்பது நிமிடக் கதை. தங்கை, வெளிநாட்டு மாப்பிள்ளை, கடலில் காணாமல் போகும் அண்ணன். இவர் மறுக்கவே இல்லை, கடைசி வரை கேட்டு முடிவைக் கொஞ்சம் மாற்றச் சொன்னார். சோளத்துக்குப் பணம் கொடுக்கப் போனபோது அவர் பாதிதான் வாங்கினார். எனக்கு அது பிடிக்கவில்லை. திரும்பிப் போய் மீதியையும் கொடுத்து உண்மையைச் சொல்லிவிட்டு வந்தேன். "இருக்கட்டும், கதை நன்றாக இருந்ததா?" என்றார்.

இரவு ஒரு ஐஸ் ஆலையின் முற்றத்தில் நிறுத்தினோம். விடிய விடிய இயந்திரச் சத்தம். ஆனால் தரை சிமெண்ட், சுவர் உயரம், காவலாளி உண்டு. மணலைவிட எவ்வளவோ மேல்.

ஜூன் 21, சனி – மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு

வள்ளியாற்றைத் தாண்டினால் மணலின் நிறம் மாறுகிறது. கறுப்பு, இடையிடையே ரத்தச் சிவப்பில் கோடு. கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். அவற்றோடு கலந்து தோரியம் உள்ள மோனசைட். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்துத்தான் இதைக் கண்டுபிடித்தார். கப்பலேறிய கயிற்றோடு நம் கரையின் ரகசியமும் ஏறியிருக்கிறது. மணல் ஆலை இன்னும் ஓடுகிறது. ஆலையைப் பற்றி ஊரில் பத்துப் பேரிடம் கேட்டால் வேலை, புற்றுநோய், கடலரிப்பு என்று மூன்று பேச்சும் வருகின்றன. கேட்டுக்கொண்டேன், தீர்ப்புச் சொல்ல நான் யார்?

அந்தக் கறுப்பு மணலில் அத்தை குனிந்து எதையோ பொறுக்கினார். "ஜவ்வரிசியை யார் இங்கே கொட்டியது?" என்று உள்ளங்கையை நீட்டினார். வெள்ளை வெள்ளையாக, பயறளவு பிளாஸ்டிக் மணிகள். மே 25-ஆம் தேதி கொச்சிக்கு அப்பால் சரக்குக் கப்பல் ஒன்று கன்டெய்னர்களோடு மூழ்கியதே, அதிலிருந்து மிதந்து வந்தவை. செய்தியில் படித்தபோது அது கேரளத்து விஷயமாக இருந்தது. உட்கார்ந்து பார்த்தேன். அலை வந்து நின்ற கோட்டில், பாசிக்கும் சிப்பித் துண்டுக்கும் நடுவே, விரல் வைக்கும் இடமெல்லாம் நாலைந்து. விரலால் நசுக்கினால் நசுங்காது. மீன் முட்டை என்று மீன் தின்னாதா? சற்றுத் தள்ளிப் பெண்கள் சிலர் சல்லடையில் மணலை அள்ளிச் சலித்துக்கொண்டிருந்தார்கள். மணல் கீழே விழ, மணிகள் மேலே நிற்க, அதைச் சாக்கில் தட்டுவார்கள். இன்று சலித்த இடத்தில் நாளை காலை திரும்பவும் கிடக்கும் என்றார் ஒருவர். அத்தையும் ஒரு சல்லடையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கிளம்ப மதியமாகிவிட்டது.

மண்டைக்காடு பகவதியம்மன் கோயிலுக்குத்தான் அத்தை இந்தப் பயணத்துக்கே ஒப்புக்கொண்டார் என்பது இங்கே வந்த பிறகு தெரிந்தது. கருவறையில் பதினைந்து அடி உயரப் புற்றுதான் அம்மன். தலைவலி தீர மண்டையப்பம் நேர்ந்துகொள்வது வழக்கம். அத்தை யாருக்காக நேர்ந்தார் என்று சொல்லவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார்.

கேரவனோடு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: குமரிக் கரையில் உங்களுக்கு ஏற்ற இடம் இந்தக் கோயில் வாகன நிறுத்தம்தான். கொடைத் திருவிழா நாட்களில் நெருங்க முடியாது. மற்ற நாட்களில் இடம் தாராளம், கழிப்பிடம் உண்டு, குழாயில் தண்ணீர் உண்டு, கடல் கூப்பிடு தூரம். எதிர்க் கடையில் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் சாளைக் கறியும் தட்டு எழுபது ரூபாய். கிழங்கை மசித்துத் தேங்காயும் பச்சை மிளகாயும் சேர்த்திருந்தார்கள். சாளை முள்ளோடு தின்னும் பதத்தில் வெந்திருந்தது. இரண்டு தட்டு சாப்பிட்டேன். மழை தொடங்கிவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு – குளச்சல், தேங்காய்ப்பட்டணம்

குளச்சலில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. சின்னமுட்டத்தில் நான்கு நாள் முன்பு மீன் ஏலம் பார்த்தோம் என்றதும் வலைக்கு மிதவை கோத்துக்கொண்டிருந்தவர் சிரித்தார். ஒரே மாவட்டம்தான், ஆனால் இரண்டு கடல், இரண்டு தடை. அங்கே திறக்கும்போது இங்கே பூட்டியிருக்கும். கட்டுமரக்காரர்களும் வள்ளக்காரர்களும் மட்டும் வானத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இன்று வானத்தைப் பார்த்தவர்கள் யாரும் போகவில்லை.

1741 ஆகஸ்ட் 10-இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை வென்றதற்கு நட்ட தூணை மழையில் வண்டிக்குள்ளிருந்தே பார்த்தோம். ஏத்தன்பழ பஜ்ஜி மட்டும் இறங்கி வாங்கினோம், ஒன்று பன்னிரண்டு ரூபாய், உள்ளங்கை நீளம்.

தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறு செம்மண் நிறத்தில் பெருகிவந்து கடலில் முட்டுகிறது. சிவப்புத் தண்ணீருக்கும் சாம்பல் தண்ணீருக்கும் நடுவே நுரைக் கோடு ஒன்று முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே படுப்பது என்று இவர் திட்டம் போட்டிருந்தார். மாலை ஆறு மணிக்குக் கூரையின் காற்றோட்டத் திறப்பு ஒழுகத் தொடங்கியது. முதலில் சொட்டு, பிறகு கோடு. பாத்திரம் வைத்தோம், வாளி வைத்தோம். மேல்படுக்கை மெத்தை ஊறிக் கனத்துத் தொங்கியது. அத்தை குடையை விரித்து வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து ஜெபமாலை ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துத் தேவாலய ஒலிபெருக்கி அது. ஏழு மணிக்கு, "கட்டில், கதவு, காய்ந்த தலையணை. இந்த மூன்றும் எனக்கு வேண்டும்" என்றார்.

மார்த்தாண்டத்தில் லாட்ஜ் அறை ஆயிரத்து நானூறு. வெந்நீர் வந்தது. யாரும் யாரோடும் பேசாமல் தூங்கினோம்.

ஜூன் 23, திங்கள் – உதயகிரிக் கோட்டை

மழை விட்டு வெயில் அடித்தது. பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை. அதனால் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் நுழைந்தோம். குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டி லனாய் இங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார். 1777-இல் இறந்தவர். கூரை போன தேவாலயம், உள்ளே கல்லறை, அதன் மேல் லத்தீனும் தமிழும். தமிழ் எழுத்துகளை இவர் விரலால் தடவித் தடவிப் படித்தார்.

கடற்கரையெங்கும் கிடைக்காத இடம் இங்கே கிடைத்தது: அகலமான வழி, பெரிய மரங்கள், தலைக்கு மேல் ஒரு கம்பிகூட இல்லை. வண்டியை நிறுத்தும் இடத்தில் மெத்தையை இறக்கி வெயிலில் சாய்த்தோம். காவலாளி விசிலோடு வந்தார். இங்கே துணி காயப்போடக் கூடாது என்றார். இது துணி இல்லை, மெத்தை என்றார் அத்தை. தண்ணீர் கேட்டார். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். அரைமணி நேரத்தில் மெத்தையின் மறுமுனையைக் காவலாளி பிடித்துத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

மெத்தை காய்வதற்குள் மட்டிப்பழம் ஒரு சீப்பு தீர்ந்தது. காவலாளி வண்டிக்குள் ஏறி அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார், படுக்கையில் உட்கார்ந்து பார்த்தார். மகனுக்கு உணவு வண்டி போட ஆசையாம். "விற்பீர்களா அம்மா?"

இவர் வாயைத் திறப்பதற்குள் அத்தை ஒரு விலை சொல்லிவிட்டார். கொழுந்தன் செலவழித்ததில் அது பாதிகூட இல்லை.